மல்லாட்டைப் புண்ணாக்கு மாட்டுத் தொட்டியிலிருந்து தட்டுக்கு வருமா?

பண்ருட்டியிலிருந்து விருத்தாசலம் போகும் வழியில் என் அத்தை வீடு. இரண்டு கறவை மாடுகள். சாயந்திரம் நாலு மணியானால், அலுமினியக் குண்டானில் காலையிலிருந்து ஊறிக் கிடக்கும் மல்லாட்டைப் புண்ணாக்கைக் கையால் கரைத்து, தவிடு போட்டு, தொட்டித் தண்ணீரில் ஊற்றுவார். கரைக்கும்போது ஒரு வாசனை எழும் பாருங்கள், வறுத்த கடலைக்கும் பச்சைப் பாலுக்கும் நடுவில் ஒன்று. சின்ன வயதில் காய்ந்த துண்டு ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு அத்தை, இத ஏன் நாம சாப்பிடறதில்ல?" என்று கேட்டேன். "தின்னுட்டு நீ என்ன பாலா கறக்கப் போற?" என்றார்.

அந்தக் கேள்வியை உலகத்தில் நிறையப் பேர், என்னைவிட விவரமாக, ரொம்ப காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. எண்ணெய் வித்திலிருந்து எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் புரதத்தை மனிதர் சாப்பிடும் பொருளாக்குவது ஒரு தனித் துறை. அதைத்தான் இங்கே அடிப்படையிலிருந்து சொல்லப் போகிறேன்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மல்லாட்டை என்றால் வேர்க்கடலைதான். மணிலாக்கொட்டை, மல்லாக்கொட்டை, மல்லாட்டை என்று எங்கள் பக்கத்து வாயில் தேய்ந்து வந்த பெயர். கடலூர், விழுப்புரம், புதுச்சேரி வட்டாரத்தில் 'கடலை' என்று மட்டும் சொன்னால் எந்தக் கடலை என்று திருப்பிக் கேட்பார்கள்.

முதலில் ஒரு கணக்கு. உடைத்த மல்லாட்டைப் பருப்பு ஒரு மூட்டை, 80 கிலோ என்று வையுங்கள். பருப்பில் ஏறக்குறைய பாதி எண்ணெய், கால் பங்கு புரதம். அதாவது மூட்டைக்குள் 20 கிலோ புரதம் உட்கார்ந்திருக்கிறது. செக்கில் ஆட்டினால் எண்ணெய் சுமார் 35 கிலோ வெளியே வரும். ரகத்துக்கும் செக்குக்கும் ஏற்ப இது முன்னே பின்னே இருக்கும். புரதம் எண்ணெயில் கரையாது. ஆகவே அந்த 20 கிலோவும் அப்படியே புண்ணாக்கில் தங்கிவிடுகிறது. 45 கிலோ புண்ணாக்கில் 20 கிலோ புரதம் என்றால் நூற்றுக்கு 44. துவரம் பருப்பில் இருப்பது நூற்றுக்கு 22 சொச்சம்தான். 'போடா புண்ணாக்கு' என்று நாம் திட்டுகிற பொருளில் பருப்பைப் போல இரண்டு மடங்கு புரதம்.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரைப்படி உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். அளவை மட்டும் பார்த்தால், ஒரு மூட்டை மல்லாட்டையில் உள்ள புரதம் ஒருவருக்கு 400 நாளைக்கு வரும். அந்த மூட்டையின் புண்ணாக்கை மாடு தின்று பாலாகத் தரும்போது, சாப்பிட்ட புரதத்தில் கால் பங்கு அளவுக்குத்தான் பாலில் திரும்பி வருகிறது. மீதி மாட்டின் உடம்புக்கும் சாணத்துக்கும் கோமியத்துக்கும் போகிறது. இதை வைத்து மாடு வளர்ப்பதே நஷ்டம் என்று நான் சொல்ல வரவில்லை. நாம் தின்ன முடியாத வைக்கோலையும் அது தின்கிறது, அதன் சாணம் இல்லாமல் எங்கள் செம்மண்ணில் அடுத்த பட்டத்துக்கு மல்லாட்டை தேறாது. ஆனால் கணக்கு கணக்குதான்.

இந்தக் கணக்கு எங்கள் வட்டாரத்துக்குப் புதிதும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தென்னாற்காட்டு மல்லாட்டை புதுச்சேரி வழியாகக் கப்பலேறி பிரான்சின் மார்செய் துறைமுகத்துக்குப் போனது. அங்கே எண்ணெயாகவும் சோப்பாகவும் ஆனது, புண்ணாக்கு அந்த ஊர் மாடுகளுக்குப் போனது. இங்கே மானாவாரியாக இத்தனை பரப்பில் மல்லாட்டை பரவியதற்கு அந்தக் கப்பல்கள் பெரிய காரணம். விதையை வாங்கியவர்கள் எண்ணெய்க்குத்தான் விலை கொடுத்தார்கள், புரதம் கொசுறு. இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை. கமிட்டியில், அதாவது ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில், மூட்டையைப் பிரித்தால் காய் எவ்வளவு காய்ந்திருக்கிறது, பருப்பு எவ்வளவு தேறும், சொத்தை எத்தனை என்று பார்ப்பார்கள். புரதம் எத்தனை சதவீதம் என்று கேட்ட வியாபாரியை நான் பார்த்ததில்லை. திண்டிவனத்தில் எண்ணெய் வித்துக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, விருத்தாசலத்தில் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.எம்.வி., வி.ஆர்.ஐ. என்று தொடங்கும் மல்லாட்டை ரகங்கள் இந்த இரண்டு ஊர்களின் பெயரைத்தான் சுமக்கின்றன.

எல்லாப் புரதமும் ஒன்றா?

இல்லை. புரதம் என்பது அமினோ அமிலம் என்ற சின்னச் சின்னத் துண்டுகளைக் கோத்த சரம். அந்தத் துண்டுகளில் ஒன்பதை நம் உடம்பால் செய்துகொள்ள முடியாது. சாப்பாட்டில் வந்தாக வேண்டும்.

பூக்கடையில் கதம்பம் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். மல்லி, கனகாம்பரம், மரிக்கொழுந்து என்று ஒரு வரிசை. கூடையில் மல்லி குவிந்து கிடந்தாலும் கனகாம்பரம் தீர்ந்துவிட்டால் கதம்பம் அங்கேயே நின்றுவிடும். உடம்பும் அப்படித்தான் கட்டுகிறது. எந்த அமினோ அமிலம் குறைவோ, அதுதான் எல்லையை முடிவு செய்யும். மல்லாட்டைப் புரதத்தில் லைசின் என்ற அமிலம் குறைவு, மெத்தியோனினும் தாராளம் என்று சொல்ல முடியாது. அரிசியிலும் லைசின்தான் குறைவு. எனவே சோற்றோடு மல்லாட்டைத் துவையல் மட்டும் என்றால், இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் ஓட்டை. பருப்பு வகைகளில் லைசின் தாராளம், மெத்தியோனின் குறைவு. எள்ளில் நேர் எதிர். மெத்தியோனின் நிறைய, லைசின் குறைவு.

இப்போது உங்கள் வீட்டு இட்லிப் பொடியை நினைத்துப் பாருங்கள். உளுந்து, கடலைப் பருப்பு, எள். ஒருவருக்கு இல்லாததை இன்னொருவர் கொடுக்கிறார். பாட்டிமார் அமினோ அமிலம் பார்த்துச் செய்தார்கள் என்று நான் கதை விட மாட்டேன், ருசி பார்த்துத்தான் செய்திருப்பார்கள். எண்ணெய் வித்துப் புரதத்தை உணவாக்குகிறவர்கள் போடும் கலவையும் ஏறக்குறைய இதே கூட்டணிதான்.

புண்ணாக்கிலிருந்து மாவு, மாவிலிருந்து புரதம்

வித்திலிருந்து எண்ணெயை எடுக்கும் முறையைப் பொறுத்துத்தான் புரதத்தின் கதி. மரச்செக்கில் சூடு குறைவு, ஆனால் பத்து சதவீதம் அளவுக்கு எண்ணெய் புண்ணாக்கிலேயே தங்கிவிடும். இரும்புத் திருகில் நசுக்கும் எக்ஸ்பெல்லரில் எண்ணெய் இன்னும் கூடுதலாக வரும், ஆனால் 100 டிகிரியைத் தாண்டிச் சூடேறும். மூன்றாவது முறையில் ஹெக்சேன் என்ற திரவத்தை ஊற்றி எண்ணெயைக் கரைத்து எடுப்பார்கள். 69 டிகிரியிலேயே கொதிக்கிற திரவம் என்பதால் பிறகு ஆவியாக்கிப் பிரித்துவிடலாம். இதில் மிஞ்சும் எண்ணெய் ஒரு சதவீதம் அளவுதான்.

சூடு ஏன் முக்கியம்? புரதத்தை அளவுக்கு மீறிச் சூடாக்கினால் அது மாவிலுள்ள சர்க்கரையோடு சேர்ந்து பழுப்பாகிவிடும். தோசை ஓரம் முறுகுகிற அதே வேலைதான். தோசையில் அது ருசி. இங்கே, ஏற்கெனவே குறைவாக உள்ள லைசின்தான் அதில் முதலில் அடிபடுகிறது. தண்ணீரில் கரையும் தன்மையும் போய்விடும். சோயாவுக்கு வேறு சங்கடம். அதைப் போதுமான அளவு சூடாக்காவிட்டால் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருட்கள் உயிரோடு இருக்கும். கூடினாலும் கெடுதல், குறைந்தாலும் கெடுதல்.

மனிதர் சாப்பிட என்றால் பருப்பைப் பொறுக்கி, கசக்கும் சிவப்புத் தோலை நீக்கி, அதிகம் சூடாக்காமல் எண்ணெய் எடுத்து, மிஞ்சியதை அரைப்பார்கள். கிடைப்பது கொழுப்பு நீக்கிய மாவு. பாதி புரதம். பிஸ்கட்டில், ரொட்டியில், சத்துமாவில் கலக்க இதுவே போதும் என்பது என் கருத்து.

அடுத்த படி கான்சன்ட்ரேட். மாவில் இருக்கும் சர்க்கரைகளை ஆல்கஹால் கலந்த நீரிலோ லேசான புளிப்பு நீரிலோ கழுவி எடுத்தால் புரதம் 65, 70 சதவீதத்துக்கு ஏறும். இந்தக் கழுவலில் போகும் சர்க்கரைகளில் சில, வயிற்றில் காற்றைக் கட்டுகிற வகை. கொண்டைக்கடலை சாப்பிட்ட மறுநாள் நினைவிருக்கட்டும்.

மூன்றாவது ஐசலேட். ஜிம்முக்குப் போகிறவர்கள் வீட்டில் டப்பாவில் இந்தச் சொல்லைப் பார்த்திருப்பீர்கள். இதில் 90 சதவீதம் புரதம். இதைச் செய்யும் விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் அடுப்படியிலேயே அதன் நிழலைப் பார்க்கலாம்.

ஒரு டம்ளர் பச்சை மல்லாட்டைப் பருப்பை இரவு ஊறவைத்து, தோல் நீக்கி, மிக்ஸியில் மைய அரைத்து, நிறையத் தண்ணீர் விட்டு வெள்ளைத் துணியில் வடிகட்டினேன். தேங்காய்ப் பால் மாதிரி வந்தது. அதைக் கொதிக்கவைத்து, இறக்கி, எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். முதலில் ஒன்றும் இல்லை. அரை மூடி தாண்டியதும் கரண்டியின் பின்புறத்தில் ரவை ரவையாக ஒட்ட ஆரம்பித்தது. பிறகு பாத்திரம் முழுக்கத் திரிந்து, வெளிர்மஞ்சள் தண்ணீர் மேலே நின்றது. துணியில் போட்டுப் பிழிந்தால் பன்னீர் மாதிரி ஒரு கட்டி, ஆனால் பன்னீரின் இறுக்கம் இல்லை, விரல் பட்டால் உதிர்கிறது.

நடந்தது இதுதான். தண்ணீரில் மிதக்கும் புரதத் துகள்கள் எல்லாம் ஒரே வகை மின்சுமையோடு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்கும். புளிப்பு ஏற ஏற அந்தச் சுமை தணியும். புளிப்பை அளக்கும் பி.எச். என்ற எண் 4.5 அளவுக்கு வரும்போது தள்ளுவதற்கு ஆள் இல்லை, எல்லாம் ஒட்டிக்கொண்டு அடியில் படியும். பால் தயிராவதும் இதே கணக்கில்தான். தொழிற்சாலையில் எண்ணெய் நீக்கிய மாவை லேசான காரநீரில் (புளிப்புக்கு நேர் எதிரான நீர்) கரைத்து, சக்கையை வடித்து, பிறகு புளிப்பேற்றி, படிந்த புரதத்தைக் கழுவிப் பொடியாக உலர்த்துவார்கள். என் கட்டியில் எண்ணெயும் சேர்ந்தே மாட்டிக்கொண்டது. எண்ணெயை முதலில் எடுப்பது ஏன் என்று அதைத் தொட்ட விரலே சொல்லிவிட்டது. (கட்டியை மிளகு உப்பு போட்டு வதக்கினேன். சுமார்.)

இன்னொன்று விட்டுப்போச்சு, மீல் மேக்கர். பிரியாணிக் கடையில் கறி இல்லாத நாளில் கைகொடுக்கும் அந்த உருண்டை செடியில் காய்ப்பதில்லை. எண்ணெய் எடுத்த சோயா மாவை ஈரத்தோடு சூடான திருகு உருளைக்குள் அழுத்தித் தள்ளுவார்கள். உள்ளே அழுத்தம் அதிகம் என்பதால் நீர் ஆவியாக முடியாது. சின்ன ஓட்டை வழியாக வெளியே வந்ததும் ஆவி சீறிக் கிளம்பி, மாவு பஞ்சு போல உப்பி, புரதம் நாராக நீளும். அச்சு முறுக்கு பிழிவதும் பொரி பொரிப்பதும் ஒரே மெஷினில் நடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆக, புண்ணாக்கிலிருந்து வந்த உணவை நாம் ஏற்கெனவே ஊரெல்லாம் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். சோயா என்பதால் யாரும் அதைப் புண்ணாக்கு என்று சொல்வதில்லை, அவ்வளவுதான்.

எள்ளுப் புண்ணாக்கும் அப்படித்தான். நல்லெண்ணெய் ஆட்டும்போது செக்கில் கருப்பட்டியோ வெல்லமோ போடுவதால் அந்தப் புண்ணாக்கு இனிக்கும். செக்கடியில் நின்று வாங்கித் தின்ற தலைமுறை இன்னும் இருக்கிறது.

மற்ற வித்துகளுக்கு ஆளுக்கொரு வில்லங்கம். எள்ளின் தோலில் ஆக்சலேட் இருக்கிறது, கசக்கவும் செய்யும். தோல் நீக்கினால் சரி. சூரியகாந்தியில் காபிக் கொட்டையில் உள்ள அதே குளோரோஜெனிக் அமிலம் இருப்பதால், காரநீர் பட்டால் மாவு பச்சையாகிவிடும். சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, ஆனால் பச்சை பிஸ்கட்டை யார் வாங்குவார்கள்? கடுகுக் குடும்பத்தில் காரம் தரும் பொருட்கள் தைராய்டைத் தொந்தரவு செய்யும். கனடாவில் அதைக் குறைத்த ரகத்தை 1974இல் வெளியிட்டார்கள், இன்றைய கனோலா என்ற எண்ணெய் வித்தின் தொடக்கம் அது. பருத்திக் கொட்டையில் காசிபோல் என்ற நச்சு. அமெரிக்காவின் டெக்சாஸில் கீர்த்தி ரத்தோர் என்ற இந்திய வம்சாவளி விஞ்ஞானி, இலையில் காசிபோலை விட்டுவைத்து விதையில் மட்டும் குறைக்கும்படி பருத்தியை மரபு மாற்றம் செய்தார். 2019இல் அந்த நாட்டு உணவுத் துறை அந்த விதையை உணவாகப் பயன்படுத்த ஒப்புக்கொண்டது. ஆமணக்குப் புண்ணாக்கு மட்டும் இந்தப் பேச்சிலேயே கிடையாது. அதில் ரிசின் என்ற கொடிய விஷம். வயலுக்கு உரம், அதோடு சரி.

நான் சுட்ட பிஸ்கட்டும், இங்கிலாந்து வான்கோழியும்

இதையெல்லாம் படித்த உற்சாகத்தில் ஒரு எண்ணெய் ஆலையில் இரண்டு கிலோ மல்லாட்டைப் புண்ணாக்கு வாங்கி வந்து, இடித்து, சலித்து, கோதுமை மாவோடு பாதிக்குப் பாதி கலந்து பிஸ்கட் சுட்டேன். முதல் கடியில் மணல். இரண்டாவது கடியில் ஈரச் சாக்கு வாசனை. தொண்டையில் இறங்கும்போது பழைய எண்ணெயின் சிக்கு வாடை. வீட்டில் யாரும் ஒரு வாய்க்கு மேல் தொடவில்லை, நானும்தான்.

மறுபடி அந்த ஆலைக்குப் போனபோது கண் திறந்தது. புண்ணாக்கு தரையில் குவிந்திருந்தது, பக்கத்தில் மழைச்சாரல் அடித்த சுவர், கிழிந்த சாக்கு. அவர்கள் மேல் தப்பு சொல்ல முடியாது. மாட்டுக்கு என்று செய்கிற பொருளை நான் என் வாய்க்கு என்று வாங்கினால் அது என் முட்டாள்தனம். மணலும் வாடையும் கூட சின்ன விஷயம். பெரிய விஷயத்துக்கு வாடையே கிடையாது.

1960இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களில் செத்து விழுந்தன. என்ன நோய் என்று தெரியாமல் 'எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள். தேடிப் போனால் தீவனத்தில் கலந்த மல்லாட்டைப் புண்ணாக்கில் போய் நின்றது. பிரேசிலிலிருந்து வந்த புண்ணாக்கு அது. அதில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை விட்ட நச்சு இருந்தது. அந்தப் பூஞ்சையின் பெயரைச் சுருக்கி வைத்ததுதான் அஃப்ளாடாக்சின். கல்லீரலைத் தாக்கும், நாள்பட்டால் புற்றுநோய் வரை கொண்டுபோகும். வேகவைத்தாலும் வறுத்தாலும் முழுக்கப் போகாது. எண்ணெய் எடுக்கும்போது பெரும்பகுதி எண்ணெயோடு போகாமல் புண்ணாக்கிலேயே தங்கும். புரதம் எங்கே தங்குகிறதோ அங்கேயே.

"மாட்டுக்குத்தானே" என்று விடவும் முடியாது. நச்சுள்ள புண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலில் அதன் மாற்று வடிவம், எம்1 என்ற பெயரில், வந்து சேர்கிறது. காலைக் காபிக்கே திரும்பி வருகிறது என்று அர்த்தம்.

இந்தப் பூஞ்சை ஆலையில் பிறப்பதில்லை. மண்ணிலேயே இருக்கிறது. காய் முற்றும் நேரத்தில் மழை இல்லாமல் வறட்சி தாக்கினால், புழு காயைத் துளைத்தால், கொத்தும்போது காய் அடிபட்டால் உள்ளே புகுந்துகொள்ளும். பிடுங்கிய பிறகு சரியாகக் காயாவிட்டால் பெருகும். பருப்பில் ஈரம் 8 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் அதற்கு வேலை இல்லை. கையில் எடுத்துக் குலுக்கினால் காய்க்குள் பருப்பு கலகலவென்று ஆட வேண்டும் என்பார் அத்தை. ஈரம் அளக்கும் மானி இல்லாத வீட்டில் அதுதான் மானி.

எங்கள் பக்கத்தில் மட்டும் அல்ல, பல ஊர்களிலும் உள்ள ஒரு பழக்கத்தை இங்கே சொல்லியே ஆக வேண்டும். மல்லாட்டை உடைக்கும் முன்பு காய்மேல் தண்ணீர் தெளிப்பார்கள். ஓடு இளகும், கை வலிக்காது, பருப்பு இரண்டாக உடையாமல் முழுசாக வரும், எடையும் கொஞ்சம் ஏறும். வெயிலில் நாலு நாள் புரட்டிப் புரட்டிக் காயவைத்த காயை ஒரு வாளித் தண்ணீரில் மறுபடி பூஞ்சைக்கு விருந்தாக்குகிற வேலை அது. மூட்டை கட்டிவிட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. புரத உணவு கெடுவது தொழிற்சாலையில் அல்ல, களத்தில் என்று நான் சொல்வது இதனால்தான். கோடி ரூபாய் மெஷின் வைத்தாலும், களத்தில் ஏறிய நச்சை மெஷினால் பொறுக்கித்தான் எறிய முடியும். பெரிய ஆலைகளில் நிறம் பார்த்துப் பொறுக்கும் இயந்திரம் அதைத்தான் செய்கிறது. நல்லவேளையாக நச்சு எல்லாப் பருப்பிலும் சமமாகப் பரவியிருக்காது. சுருங்கிய, நிறம் மாறிய, பூஞ்சை படிந்த கொஞ்சப் பருப்பில்தான் குவிந்திருக்கும். அவற்றை நீக்கினால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

இந்த வேலையில் நம் நாடு பின்தங்கி இருந்ததும் இல்லை. மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் 1950இல் தொடங்கியது. அதன் முதல் இயக்குநர் வி.சுப்பிரமணியன் காலத்தில் 'பல்நோக்கு உணவு' என்ற ஒன்றை உருவாக்கினார்கள். 75 பங்கு மல்லாட்டை மாவு, 25 பங்கு கடலைப் பருப்பு மாவு, மேலே கொஞ்சம் வைட்டமினும் தாது உப்பும். இட்லிப் பொடிக் கூட்டணியின் உறவுக்காரர்தான். மல்லாட்டைப் புரதத்தைப் பாலோடு கலந்து 'மில்டோன்' என்ற பானத்தையும் அங்கே செய்தார்கள். வான்கோழிச் செய்திக்குப் பிறகு மல்லாட்டை மாவு என்றாலே எல்லோரும் சோதனை கேட்க ஆரம்பித்தார்கள், கேட்க வேண்டியதும்தான்.

இன்னொரு பக்கமிருந்தும் ஒரு கேள்வி வந்தது. சேலத்தில் பிறந்து, ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் இயக்குநராக இருந்த சி.கோபாலன், நம் ஏழைக் குழந்தைகளுக்குப் புரதம் மட்டும் குறைவில்லை, சாப்பாடே குறைவு என்று வாதிட்டார். வயிறு நிறையவில்லை என்றால் உடம்பு புரதத்தையும் விறகு மாதிரி எரித்துவிடும். தாளிக்கக்கூட எண்ணெய் இல்லாத வீட்டில் புரதப் பொடியைக் கொடுத்தால் அது எரிபொருளாகத்தான் போகும். அவர் சொன்னதை நான் இப்போதும் ஒப்புக்கொள்கிறேன். கடலூர் துறைமுகத்தில் மத்தியும் கானாங்கெளுத்தியும் வாங்கி வாரத்தில் நாலு நாள் குழம்பு வைக்கிற வீட்டுக்கு ஐசலேட் டப்பா எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. மீனும் முட்டையும் தொடாத வீடு, பால் கட்டுப்படியாகாத வீடு, பள்ளிச் சத்துணவு, இங்கெல்லாம் பாதி புரதம் உள்ள அந்தக் கொழுப்பு நீக்கிய மாவுக்கு இடம் இருக்கிறது.

மல்லாட்டை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இந்த மாவும் ஆகாது, புரதம்தான் அந்த ஒவ்வாமைக்கே காரணம். விருந்தாளிக்குக் கொடுக்கும் முன் கேட்டுவிடுங்கள்.

வீட்டில் செய்து பார்க்க ஆசை இருந்தால், நான் இரண்டாவது முறை செய்ததைச் சொல்கிறேன். கடைப் புண்ணாக்கு வேண்டாம். அத்தை நிலத்து மல்லாட்டை, தண்ணீர் தெளிக்காமல் கையால் உடைத்தது, பத்து கிலோ. திண்ணையில் வெள்ளை வேட்டி விரித்து, இரண்டு பேர் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து பொறுக்கினோம். சுருங்கியது, கறுத்தது, ஓட்டை விழுந்தது, முளைத்தது, லேசாகச் சந்தேகம் வந்தது எல்லாம் தனியே. பிறகு கூலிக்கு ஆட்டித் தரும் மரச்செக்குக்குக் காலையில் முதல் ஆளாகப் போய், செக்கைத் துடைக்கச் சொல்லி ஆட்டி, புண்ணாக்கைத் தரையில் விழவிடாமல் எவர்சில்வர் தூக்கில் வாங்கிக்கொண்டேன். அன்றே வெயிலில் காயவைத்து, மிக்ஸியில் அடித்து, சலித்து, ஃப்ரிட்ஜில் வைத்தேன். செக்குப் புண்ணாக்கில் எண்ணெய் இருப்பதால் வெளியே வைத்தால் சீக்கிரம் சிக்கு வாடை ஏறிவிடும்.

அடை மாவில் நாலு கரண்டிக்கு ஒரு கரண்டி இதைக் கலந்தேன். அதற்கு மேல் போனால் அடை விறைத்து, வாயில் மாவாகிறது. ஏற்கெனவே துவரம் பருப்பும் கடலைப் பருப்பும் இருப்பதால் லைசின் கணக்கும் சரியாகிவிடுகிறது. அத்தை இரண்டு சாப்பிட்டுவிட்டு, வெல்லம் தொட்டுக்கொண்டு மூன்றாவதையும் சாப்பிட்டார். "மாட்டுக்கு எவ்வளவு மிச்சம் வெச்ச?" என்று மட்டும் கேட்டார்.

பொறுக்கி ஒதுக்கிய சொத்தைப் பருப்பு அரைப் படி தேறியது. பக்கத்து வீட்டு அக்கா, கோழிக்குப் போடட்டுமா என்று கேட்டார். வான்கோழிக் கதையை அவருக்கும் ஒருமுறை சொல்லிவிட்டு, அடுப்பில் கொட்டி எரித்தோம்.